ஊசி குதிக்காதிருக்க

முந்நூறு தட்டுகள். அதற்கு மேல் காசில்லை.
வெள்ளை உறை. பெயர் கிடையாது.
நடுவட்டத்தில் ரப்பர் முத்திரையில் ஓர் எண்:
புடு அடுக்குமாடியின் இரண்டாவது லிப்டுக்குச்
சோதனைச் சீட்டில் நான் எழுதும் அதே எண்.

பகலில் அதுதான் பிழைப்பு.
கூரைக்கு மேல் மோட்டார் அறை,
கிரீஸ் ஏறிய கையுறை,
இரும்புக் கயிறு எங்கே நைந்திருக்கிறதென்று
டார்ச் அடித்துப் பார்ப்பது.
ரிலே விழும். டக்.
எதிர்ப்பாரம் இறங்கும், ஒரே இழுப்பாக.
பதினேழாம் மாடியில் யாரோ
அரிசி மூட்டையோடு பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவார்கள்.
பியூஸ் பெட்டிமேல் கைப்பேசியை வைத்துப்
பதினொரு மாதம் பதிந்தேன்.

"ஒரு உறுமியாச்சும் போட்டிருக்கலாம்லா,
நம்ம ஆளுங்க கேப்பாங்க"
என்றான் அத்தை மகன் சர்வானந்தன்.
உறுமி இல்லை. குரல் இல்லை. பாட்டே இல்லை.
ஓர் அடி. அடிக்குப் பின் ஒரு பள்ளம்.
மறுபடி அடி.
நிமிடத்துக்கு நூற்று முப்பத்து நான்கு.
ஆறாவது நிமிடத்தில் கதவு திறக்கும் மணி,
ஒரே ஒரு முறை.
முழுவதும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்:
"லிப்டுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."
அதைவிட நல்ல விமர்சனம் இன்னும் வரவில்லை.

சனி இரவு, பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குப் பின்சந்து.
கீழே சாமித்தாள் விற்கும் கடை, பூட்டியிருந்தது.
மூன்றாம் மாடி. இரண்டு காற்றாடி, ஒரு சிவப்புக் குழல்விளக்கு,
எண்பது பேர்,
மழையில் நனைந்தவர்கள் பாதி, வியர்வையில் மீதி.
வெய் ஷான் தட்டை விளிம்பில் பிடித்து ஊதினாள்.
ஊசியை இறக்கினாள்.

அடி விழுந்ததும்
பழைய பலகைத் தரை
எண்பது பேரையும் வாங்கிக்கொண்டு தாழ்ந்து
திருப்பி எறிந்தது.
மேசை துள்ளியது. ஊசி குதித்தது.
இரண்டாம் நிமிடத்திலிருந்து ஐந்தாம் நிமிடத்துக்கு,
அங்கிருந்து தொடக்கத்துக்கு.

சிமெண்டுப் பலகை செருகிப் பார்த்தோம்.
அறுத்த டென்னிஸ் பந்து நான்கு,
யாரோ கழற்றித் தந்த ரப்பர்ச் செருப்பு.
ஆடுவதற்கென்றே செய்த தட்டு,
ஆடினால் ஓடாது.

"அங்காட் சாஜாலா"
இருட்டிலிருந்து ஒரு குரல்.

தூக்கினோம்.
ஹாஃபிஸ் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.
பன்னிரண்டு கிலோ, மேலே சுழலும் என் பதினொரு மாதம்.
முழங்காலை மடித்து, முழங்கையை விலாவில் ஒட்டாமல்.
லிப்டுக் குழியின் அடியில்
நாங்கள் பொருத்தும் ஸ்பிரிங் இருக்கிறதே,
ஆண்டுக்கணக்காய் யார் கண்ணிலும் படாமல்,
அது நான்.

ஒன்பது நிமிடம்.
மூக்கு நுனியில் நின்ற வியர்வையைத் துடைக்கக் கையில்லை.
கடைச் சீருடையோடு வந்த நேப்பாளிப் பையன்
கண்ணைத் திறக்கவே இல்லை.
குதிகால் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருத்தி
தன் நிழலோடு சண்டை போட்டாள்.
ஒரு வழுக்கைத் தலை ஸ்பீக்கரில் நெற்றியைச் சாய்த்து
எதையோ ஒப்புக்கொண்டிருந்தது.
நான் செய்த அடி அவர்கள் கால்வழியே இறங்கிப்
பலகைவழியே என் காலுக்குள் ஏறியது,
இடுப்போடு நிறுத்தினேன்.
வலது கட்டைவிரல் மட்டும் சொல் கேட்கவில்லை.
ஹாஃபிஸ் பார்த்துவிட்டான்.
கண்ணாலேயே: வேண்டாம்.

ஆறாவது நிமிடம். மணி.

எண்பது தலைகள் மாடிப்படிப் பக்கம் திரும்பின.
போலீஸ் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம்,
வரவேண்டிய ஆளென்று நினைத்தவர்களும்.
யாரும் வரவில்லை.
பள்ளம் கொஞ்சம் நீண்டது,
வேண்டுமென்றேதான் நீட்டியிருந்தேன்.
பிறகு அடி விழுந்தது, அப்பா,
கீழ்க்கடை இரும்புக் கதவு தானாக அதிர்ந்து
இன்னொரு தாளம் போட்டது.
அதை நான் எழுதவில்லை.

கடைசிப் பள்ளத்தில் ஊசி சும்மா சுற்றியது.
உஸ்ஸ். உஸ்ஸ்.
மேசையில் இறக்கினோம். என் விரல்கள் விரியவில்லை.
வெய் ஷான் காதருகே வந்து கத்தினாள்:
மறுபக்கம் எவ்வளவு நேரம்?

பதினொன்றரை, என்றேன்.

ஹாஃபிஸ் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.